சரம் எங்கே முடிகிறது?

கிண்டியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் நிரல் கோபோல் என்னும் பழைய நிரல்மொழியில் இருந்தது. அதில் ஊழியர் பெயருக்கான புலத்தில் 20 எழுத்துக்கே இடம். இப்படி வரிசையாக வரும் எழுத்துகளைத்தான் நிரல்மொழிகளில் சரம் என்கிறோம். மீனாட்சிசுந்தரம் என்னும் ஊழியரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து வரும். நம் வழக்கப்படி முன்னால் இரண்டு இனிஷியலும், ஒவ்வொன்றின் பின்னும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் 21. இடம் போதாதபோது கோபோலின் 'மூவ்' கட்டளை எந்த எச்சரிக்கையும் இன்றி வலப்பக்கத்தை வெட்டிவிடும் என்பதால், கடைசி 'எம்' இல்லாமலேயே அவருடைய சம்பளச் சீட்டு மாதந்தோறும் அச்சாகி வந்தது. வங்கியில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று அவர் சீட்டும் கையுமாக என் மேசைக்கு வந்து நின்றபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

பெயர் சிறியதானால், மிச்ச இடத்தைக் கோபோல் வெற்றிடத்தால் நிரப்பும். ஃபோர்ட்ரான் 77 என்னும் மொழியும் அப்படியே: 20 எழுத்து என்று அறிவித்த மாறியில் (மதிப்பை இட்டு வைக்கும் இடத்தில்) 'ரவி'யை இட்டு 'லென்' என்று நீளம் கேட்டால், 20 என்றே விடை வரும்.

சி மொழியில் சரத்தின் முடிவைக் காட்டுவது ஒரு சுழி பைட் மட்டுமே (பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து அடங்கும் நினைவக அளவு). ஆகவே நீளம் அறியச் சரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். அதைவிடக் கேடு, வந்து சேரும் இடம் போதுமா என்று, உள்ளீட்டு வரியைப் படிக்கும் 'கெட்ஸ்' போன்ற செயற்கூறுகள் பார்ப்பதே இல்லை. 1988-இல் இணையத்தில் கணினிக்குக் கணினி தானே தொற்றிய மோரிஸ் புழு என்னும் நிரல் பரவிய வழிகளுள் ஒன்று இந்தக் 'கெட்ஸ்'தான். 2011-ஆம் ஆண்டின் சி தரம்தான் அதை நீக்கியது.

டர்போ பாஸ்கல் மொழி நீளத்தை முதல் பைட்டிலேயே எழுதி வைத்தது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது என்பதால் சரமும் அந்த அளவைத் தாண்டாது. பிஎல்/1 மொழி இரண்டு பைட் ஒதுக்கி 32,767 வரை சென்றது. என் மனம் இந்த முறையின் பக்கமே. எல்லை உண்டென்றாலும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரமே சொல்லிவிடுகிறது.

தமிழுக்கு வந்தால் எண்ணிக்கையே மாறிவிடுகிறது. 'சென்னை' நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஆறு குறிகள்; புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறி. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில், குறிக்கு மூன்றாக, 18 பைட். அந்தப் பழைய 20 பைட் புலத்தில் 'மீனாட்சிசுந்தரம்' என்று தமிழில் இட்டிருந்தால், 'மீனாட்' வரை நின்று, 'ச'வின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு, எழுத்தாகவே தெரியாமல் போயிருக்கும்.

அந்தப் புலத்தை 40 ஆக விரித்து, கோப்பைப் படிக்கும் நிரல்கள் அனைத்தையும் கணினி இயக்கும் வடிவுக்கு மறுபடி தொகுத்தோம். அவருடைய 'எம்' அடுத்த மாதமே அச்சில் வந்தது. தமிழில் அந்தப் பெயருக்கு 48 பைட் வேண்டும்.