இரவல் பாவம்

தவக்காலம் வந்தால் மறைக்கல்விப் பிள்ளைகளை எங்காவது திருயாத்திரை கூட்டிப்போவது எங்கள் பங்கில் வழக்கம். இந்த முறை திருகோணமலை புனித மரியாள் பேராலயம். 1893இல் தொடங்கிய திருகோணமலை மறைமாவட்டத்துக்குள்தான் எங்கள் மட்டக்களப்பும் இருந்தது. 2012இல்தான் நாங்கள் தனி மறைமாவட்டம் ஆனோம். அதனால் பழைய ஆட்களுக்கு இது தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி. பிள்ளைகளுக்கு அப்படியொன்றும் இல்லை. பஸ், பாட்டு, கடல். அவ்வளவுதான்.

விடியமுன் புறப்பட்டு வாகரை, வெருகல் வழியாகப் போனோம். ஒரு காலத்தில் இந்த வீதியில் ஆற்றுக்கு ஆறு இறங்கிப் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் இப்போது பஸ் ஒரு செபமாலைப் பத்து முடிவதற்குள் ஏறி இறங்கிவிடுகிறது.

பேராலயத்தின் முகப்பு வான்நீலம். 1852இல் கட்டியது. உள்ளே போனதும் பிள்ளைகளின் சத்தம் தானாக அடங்கியது. பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைக் குருவானவரிடம் தனியே சொல்வது. அதற்கு முதல், செய்த பிழைகளை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனைக்கு ஆளுக்கொரு கொப்பித் தாள் கொடுத்து வாங்கில் இருத்தினோம்.

வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு போகையில் ஒருவனின் தாள் கண்ணில் பட்டது. மற்றவர்களின் தாளை நாங்கள் பார்ப்பதில்லை. இவன் தானாகவே நீட்டினான், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி. ‘பொய் சொன்னேன். கீழ்படியவில்லை. தங்கச்சிக்கு அடித்தேன்.’ அவன் வீட்டில் ஒரே பிள்ளை. பக்கத்தில் இருந்தவனுக்குத்தான் தங்கச்சி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“யார்ர தங்கச்சிக்கு மகன் அடிச்சீங்க?”

“எனக்கு ஒண்டும் நினைவில வரல்ல டீச்சர். அதான் அவன்ட பார்த்து எழுதினன்.”

சோதனை மண்டபத்தில் செய்வதைக் கோயிலிலும் செய்திருக்கிறான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் நினைவில் வராத பிள்ளையாகத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெல்லக் கேட்டான்: “உள்ளதச் சொன்னா பாதர் அம்மாட்டச் சொல்லுவாரா?”

இதுதான் விஷயம். பத்துக் கட்டளைகளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். எட்டாம் கட்டளை பொய்ச்சான்று சொல்லாதே என்பதும் தெரியும். உண்மையைச் சொன்னவுடன் அடி விழும் என்பதும் அதைவிட நன்றாகத் தெரியும். இரண்டில் எது பிள்ளையின் மனதில் நிற்கும்? நாங்கள் மறைக்கல்விப் புத்தகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், பிரம்பை மாற்றுவதில்லை.

அவனிடம் சொன்னேன்: குருவானவர் கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டார். பொலிஸ் கேட்டாலும் சொல்லமாட்டார். வேண்டுமென்றே வெளியே சொன்னால் திருச்சபைச் சட்டப்படி அந்தக் கணமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். கண்ணை அகல விரித்தான். “பாதருக்கே அப்படியா?” என்றான். பிறகு தாளைக் கிழித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வரிசையில் போய் நின்றான்.

பூசையில் பாதர் லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வருகிற, வரி தண்டும் சக்கேயுவைப் பற்றிப் பேசினார். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றானே, அந்தக் கதை. மன்னிப்புக் கேட்பது பாதி வேலைதான், எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது மீதி என்றார். முன்வரிசையில் ஒரு குட்டி கையை உயர்த்தியது. “பாதர், நூறு ரூபா எடுத்தா நானூறு குடுக்கணுமா?” கோயில் முழுக்கச் சிரிப்பு. பாதர் சிரிக்கவில்லை. ஆட்டைத் திருடினால் நாலு ஆடு கொடு என்று யாத்திராகமத்தில் பழைய சட்டம் இருந்தது என்று விளக்கிவிட்டு, “நீங்க முதல்ல நூறக் குடுங்க மகள்” என்றார். இவ்வளவு தெளிவான பிரசங்கத்தைப் பெரியவர்களுக்கு யாரும் வைப்பதில்லை.

பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போனோம். மான்களுக்கு மனிதரிடம் பயமே இல்லை; ஒன்று டீச்சர் ஒருவரின் மாலுபாண் (மீன் பணிஸ்) பையை இழுத்துக்கொண்டு போனது. களவு செய்யாதே என்று பிள்ளைகள் அதன் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். டச்சு குடாவில் கால் நனைக்க வைத்து, ஈரத்தோடேயே பஸ்ஸில் ஏற்றினோம்.

ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. பெற்றோர் கோயில் வாசலில் நின்றார்கள். அந்தப் பையனின் அம்மா, அவன் இறங்கமுன்னமே கேட்டார்: “பாதரிட்ட என்ன மனே சொன்னாய்?” இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குருவையே கட்டுப்படுத்துகிற இரகசியத்தை வாசலில் நின்று விசாரிக்க யாருக்கு உரிமை?

நான் வாய் திறக்கமுன் அவனே சொன்னான்: “அது கேக்கக்கூடாதம்மா.” பிறகு, “ஆனா உங்களிட்ட வேற ஒண்டு சொல்லணும். அடிக்கமாட்டீங்கதானே?”

அம்மா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

“சரி, சொல்லு” என்றார் கடைசியில். பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்க நான் பஸ்ஸுக்குள் ஏறினேன்.