சிங்கப்பூர்க் குழாயும் பாம்பன் ஊத்தும்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் குழாயை ஓடவிட்டபடியே பல் தேய்க்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து வந்த எவராலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. எழுந்து போய்த் திருகி மூடினால், "தண்ணிதானே, இதுக்குப் போயா?" என்று பதில் வரும். சுருக்கென்று தைக்கும். கடற்கரைத் தெருவில் இப்படி ஒரு பேச்சை அப்பத்தாமார் காதில் போட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் தப்பியதில்லை.

இந்த ஊர் பழகிவிட்டது. எம்.ஆர்.டி. ரயில் பழகிவிட்டது, பன்னிரண்டாம் மாடி பழகிவிட்டது, மீனைச் சாமான்போல ஐஸ்பெட்டிக்குள் பார்ப்பதும் பழகிவிட்டது. ஆனாலும் ராமநாதபுரத்துக்காரர் குடியிருக்கும் வீட்டில் குளியலறை ஓரத்தில் ஒரு வாளி எப்போதும் நிறைந்தே இருக்கும். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும் என்று தெரிந்தும் பிடித்து வைப்போம். கை கேட்பதில்லை.

மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்தால்தான் வயிறு எரியும். 2025 ஏப்ரல் முதல் இங்கே வீட்டுத் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜி.எஸ்.டி. தனி. ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். கணக்குப் போட்டால் ஒரு குடம் 5 காசு, நம் பணத்தில் 4 ரூபாய்க்குள். அதுவும் மேல்மாடிவரை ஏறி வந்து, கொதிக்க வைக்காமல் அப்படியே குடிக்கும் தண்ணீர். ராமநாதபுரத்தில் வண்டியில் வரும் தண்ணீருக்குக் குடம் 10 ரூபாய் கொடுத்த வீடுகள் மீன் காயவைத்துப் பிழைத்த வீடுகள், பாசி எடுத்துப் பிழைத்த வீடுகள். உலகத்தின் பணக்கார ஊர்களில் ஒன்றைவிட நம் வலைக்காரர் தெரு தண்ணீருக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வாங்கக் காசில்லாத நாளில் ஊத்துதான். மணலைத் தோண்டினால் தண்ணீர் வரும் என்று சொல்லிவிடலாம்; தோண்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரோடு கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிலோ என்றால், அதே அளவு கடல்நீர் 1,025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசத்தில்தான் ராமேசுவரம் தீவு உயிர் வாழ்ந்தது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறும். கடலுக்குள் நிற்கிற வில்லூண்டித் தீர்த்தக் கிணறு இனிப்பதும் இந்த வழியில்தான். ராமர் அம்பு விட்டுத் தண்ணீரை வரவழைத்தார் என்று நம்புகிறவர்களுக்கும் அது பொருந்தும். அம்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடமும் நம் பெண்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஊத்துக்குழி ஒருநாளும் ஆழமாக இருக்காது. பனையும் தென்னையும் நிற்கிற மேட்டு மணலாகப் பார்த்து, மூன்றடி நான்கடிக்குள் ஈரம் கண்டதும் நிறுத்துவார்கள். வாய் அகலமாக, பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும்; செங்குத்தாக வெட்டினால் மணல் சரிந்து மூடிவிடும். அடியில் ஊறுவது ஒரு சாண் தண்ணீர். அதில் குடத்தை அமுக்கவே கூடாது. தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொண்டு, நான்காக மடித்த பழைய வேட்டித் துணிவழியே குடத்துக்குள் ஊற்ற வேண்டும். பத்துச் சிரட்டைக்கு ஒருமுறை கையை எடுத்துக்கொண்டு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். "ஏத்தா, அடியக் கலக்காம மொள்ளு" என்று பின்னால் நிற்கும் மதினி சத்தம் போடுவது மண் கலங்கும் என்பதற்காக மட்டும் இல்லை. அவசரப்பட்டு இழுத்தால் உப்பு மேலே வந்துவிடும், அன்றைக்கு வரிசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கரிப்புத் தண்ணீர்தான். சித்திரை வைகாசியில் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம்கூட ஆகும். அதனால்தான் கோழி கூப்பிடும் முன்னே குடங்கள் போய் வரிசை பிடித்துவிடும். ஆள் வர முடியாவிட்டால் ஓட்டைக் குடம், கல், செருப்பு என்று எதையாவது போட்டு இடம் வைப்பார்கள். அந்தச் செருப்பை நகர்த்தியதற்கு வந்த சண்டை கல்யாணம்வரை பேசாமல் இருக்க வைத்த கதை எல்லாத் தெருவிலும் உண்டு.

வீட்டுக்கு வந்த தண்ணீருக்கு வீட்டுக்குள் தனி ராச்சியம். உலை, டீ, குடிக்க: நல்ல தண்ணீர். பருப்பு உப்புத் தண்ணீரில் எவ்வளவு விறகு எரித்தாலும் வேகாது, சோப்பு நுரைக்காது. மீனைக் கடல்தண்ணீரிலேயே அலசி, கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர். அரிசி களைந்தது ஆட்டுக்கு. குளியல் உப்புக் கிணற்றில்; முடிக்கும்போது தலைக்கு ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர், முடி பிசுக்காமல் இருக்க. அப்படி இருந்த வீட்டில்தான் வாசல் ஏறுகிறவருக்கு முதலில் நீட்டுவதும் ஒரு செம்புத் தண்ணீர். கார்த்திகை மழை நின்று தை பிறந்ததும் ஊத்துத் தண்ணீருக்கு ஒரு ருசி வரும். ஜோகூரிலிருந்து 1962 ஒப்பந்தப்படி வருகிற தண்ணீர், நீர்த்தேக்கத்து மழை, கழிவுநீரை 2003 முதல் சுத்திகரித்துத் தருகிற நியூவாட்டர், கடல்நீரைக் குடிநீராக்கியது என நாலும் இங்கே குழாய்க்கு வருகின்றன. சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. தை மாதத்து ருசி மட்டும் அதில் இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஊத்தைக் கெடுத்ததில் நாம் அனுப்பிய பணத்துக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூர் காசில் மாடி வீடு எழும்பும், கூடவே ஆழ்குழாய் இறங்கும், மோட்டார் நாள் முழுக்க இழுக்கும். முதல் வருசம் இனிக்கும். பிறகு கரிக்கும், பக்கத்து நாலு வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கரிக்க வைக்கும். ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் அடுத்த ஐப்பசி கார்த்திகை நன்றாகப் பெய்தால்தான் இறங்கும். சில இடங்களில் அதற்கும் இறங்காது. புயலில் கடல் ஏறிய கிணற்றையும் ஒரே மூச்சில் இறைத்துக் காலி பண்ணக் கூடாது. இறைக்க இறைக்க அடி உப்புதான் வந்து நிரப்பும்.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புகிறவர்கள் கொத்தனாரிடம் மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டியைக் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரத்தில் வருசத்துக்குச் சராசரி 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறக்குறைய 59,000 லிட்டர் கிடைக்கும். நாலாயிரம் குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவையும் பிடித்து வைக்கத் தொட்டி போதாது. பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று குடிக்கவும் சமைக்கவும். அது நிரம்பி வழிவதை உறைகிணற்றுப் பக்கம் மணலுக்குள் இறக்கிவிட வேண்டும். முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்ப ஒரு வால்வு, கூழாங்கல் மணல் கரி அடுக்கிய வடிகட்டி, வெளிச்சமும் கொசுவும் புகாத மூடி. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு எடுக்கலாம். கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்காவது தள்ளி இருக்கட்டும். நம் மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மோட்டார் வைத்தே ஆகவேண்டும் என்றால் சின்ன மோட்டாராக, காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். நடுவில் கிணறு ஊறட்டும்.