ஜூனோ மக்கள்

மாலையில் மின்சாரம் போனது. கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும், பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்துபோய் ஆளில்லாத அறையில் சுற்றிய மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார்.

"டீசல்ல ஓடுது கண்ணு."

எனக்கு ஜூனோ ஞாபகம் வந்தது.

அலாஸ்காவின் தலைநகர் அது. வெளியிலிருந்து சாலை கிடையாது, கப்பலோ விமானமோதான். மின்சாரத்துக்கும் வெளி ஊர்களோடு இணைப்பு இல்லை. பெரும்பகுதி தென்கிழக்கே, ஆளரவமற்ற மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்னெட்டிஷாம் நீர்மின் நிலையத்திலிருந்து, 40 மைலுக்கும் மேல் நீளும் ஒற்றைக் கம்பிப் பாதையில் வருகிறது.

2008 ஏப்ரல் 16 அன்று பனிச்சரிவு அந்தப் பாதையின் கோபுரங்களைச் சாய்த்தது.

மலை மேல் ஏரி நிறையத் தண்ணீர். அதை மின்சாரமாக ஊருக்குக் கொண்டுவரத்தான் வழியில்லை! ஊர் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. யூனிட் 11 சென்ட்டாக இருந்த கட்டணம் 50 சென்ட்டைத் தாண்டும் என்று மின் நிறுவனம் உடனே அறிவித்தது.

அப்புறம் நடந்ததுதான் என்னை அசைக்கிறது. கடைகள் பாதி விளக்குகளை அணைத்தன. வீடுகளில் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொடியில் துணி காயப்போட்டார்கள், அதுவும் அவ்வளவு மழை பெய்யும் ஊரில். சில வாரங்களிலேயே பயன்பாடு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

விலை ஒரு காரணம்தான். ஆனால் பில் வரும்வரை மறைக்காமல் முதலிலேயே உண்மையைச் சொன்னதும் பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் கம்பி சரியானது. கட்டணமும் இறங்கியது. பயன்பாடு மட்டும் உடனே பழைய அளவுக்கு ஏறவில்லை.