ட்ரெசோர் விளம்பரத்தில் இருந்தவர்

கொழும்பு பம்பலப்பிட்டியில் சென்ட், மேக்கப் விற்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். விளம்பரத்தில் யார் வருகிறார் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. நாள் முழுக்க அந்தப் படத்துக்குக் கீழேதான் நிற்கிறேன். வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அடுத்ததாகக் கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையில் பலருடைய முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன்.

இசபெல்லா ரோசெலினியைப் பற்றி அதனால்தான் எழுதுகிறேன். 1952இல் ரோமில் பிறந்தவர், நடிகை இங்க்ரிட் பெர்க்மனின் மகள். மொடலிங்குக்கு வந்ததே 28 வயதில். அந்தத் தொழிலில் அது பிந்திய வயது. 1980களின் தொடக்கத்தில் லாங்கோம் என்ற பிரெஞ்சு அழகுசாதன நிறுவனம் அவரைத் தன் விளம்பர முகமாக எடுத்தது. 1990இல் அவர்களுடைய ட்ரெசோர் என்ற சென்ட் வந்தபோது அதற்கும் அவர்தான். நாற்பதைத் தாண்டியதும், 1990களின் நடுப்பகுதியில், நிறுத்திவிட்டார்கள். பெண்கள் இளமையாக இருக்கத்தான் கனவு காண்கிறார்கள், விளம்பரம் அந்தக் கனவைக் காட்ட வேண்டும் என்று தன்னிடம் சொன்னார்களாம். அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் ட்ரெசோர் கேட்டு வருவது யார்? பெரும்பாலும் ஐம்பது தாண்டிய அன்ரிமார். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் முன்பு கொடுத்த போத்தலில் பழகினவர்கள்.

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு அன்ரி வந்தார். கடதாசிக் கீற்றில் அடித்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையை நீட்டினார். மணிக்கட்டில் அடித்தேன். உடனே முகரவில்லை. ஸ்பிரிட் வாடை போகும்வரை கையை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றார். முதலில் பீச் பழம், அப்புறம் ரோஜா, கடைசியில் வனிலாவும் பவுடரும் கலந்தது போன்ற வாசம். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் வேகமாக எழும்பும். இதையெல்லாம் அவருக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. மேலே இருந்த இளம்பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, எங்கட வயசுக்கு இது சரிவருமோ?" என்று கேட்டார்.

"முதல் இதுக்கு விளம்பரத்தில வந்தவவுக்கு இப்ப எழுபது தாண்டிட்டுது அன்ரி" என்று போனில் படத்தை எடுத்துக் காட்டினேன். 2016இல், 63 வயதில், லாங்கோம் ரோசெலினியைத் திரும்ப அழைத்தது. 2023இல் வோக் இத்தாலியா என்ற ஃபேஷன் சஞ்சிகையின் அட்டையில், 71 வயதில், சுருக்கங்களை மறைக்காமல் வந்தார். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கிறா" என்றார். சின்னப் போத்தலை வாங்கினார்.

கொழும்புக் கடைகளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் இந்தப் படங்களையும் அனுப்ப வேண்டும். இளம்பெண்களின் படங்களைக் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றை மாட்ட என் கவுண்டரில் இடம் இருக்கிறது.