மார்கழியில் பார்த்து, தையில் எடுத்த வண்டி

16 டிசம்பர் 2025, செவ்வாய்

இன்று மார்கழி பிறந்தது. "தை பிறக்கட்டும், அப்புறம் வண்டியைப் பத்திப் பேசுவோம்" என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மார்கழியில் புதுப்பொருள் எதுவும் வாசல் ஏறாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பணம் கட்டத்தானே தடை, பார்ப்பதற்குத் தடையில்லையே. ஒரு மாதம் நிதானமாகப் பார்க்கலாம்.

பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் வழியாக ஆத்தங்குடிக்குத் தினமும் போய் வருகிறேன். டைல்ஸ் பட்டறையில் கணக்கும் ஆர்டரும் என் பொறுப்பு. இதுவரை ஓட்டியது ஸ்கூட்டி. அதன் பத்து அங்குலச் சக்கரம் பள்ளத்தைக் கண்டால் அடி வரைக்கும் இறங்கித்தான் ஏறும். பதினெட்டு அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தை மேலோடு உருண்டு கடந்துவிடும். கியர் வண்டிக்கு மாற நினைத்ததே இதற்காகத்தான். வேகத்தின் மேல் எனக்கு ஆசை கிடையாது.

அடுத்த கவலை மணல். பட்டறைகளுக்கு மணல் ஏற்றிப்போகும் டிராக்டர்கள் வளைவுகளில் சிந்திவிட்டுப் போகும். மழை பெய்தால் ஓரத்துச் செம்மண்ணும் தாரில் ஏறிக்கொள்ளும். நான் எடுக்கும் வண்டி இந்த ரோட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

21 டிசம்பர், ஞாயிறு

சித்தப்பா வந்திருந்தார். "எடுக்குறதே எடுக்குற, புல்லட்டா எடு ஆத்தா. வரிதான் குறைஞ்சிருக்கே" என்றார். குறைந்தது உண்மை. செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதே ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 எனக்கும் பிடிக்கும். அந்தச் சத்தம் யாருக்குத்தான் பிடிக்காது?

மதியம் காரைக்குடிக்குப் போய் ஒவ்வொரு ஷோரூமாகப் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே ஒரு காரியம் செய்தேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியை நானே பின்னால் தள்ளி ஒரு அரைவட்டம் திருப்பினேன். கிளாசிக் 195 கிலோ. நேராக நிற்கும்வரை அது ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் லேசாகச் சாய்ந்ததும் முழு எடையும் இடுப்பில் வந்து இறங்கியது, சித்தப்பா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஹண்டர் 350 கொஞ்சம் பரவாயில்லை, 181 கிலோ. ஆனால் பட்டறை வாசல் சரிவாக இருக்கும். தினமும் சாயங்காலம் அங்கிருந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அங்கே ஓடிவந்து பிடிக்க ஆள் இருக்க மாட்டார்கள்.

ஓடும்போது எந்த வண்டியும் லேசாகத்தான் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான். அதனால் தோழிகள் யார் கேட்டாலும் முதலில் தள்ளிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

28 டிசம்பர், ஞாயிறு

அப்பாவின் ஸ்பிளெண்டரில்தான் கிளட்சும் கியரும் பழகினேன். 112 கிலோ, சொன்ன பேச்சுக் கேட்கிற வண்டி. அதையே புதிதாக எடுக்கலாமே என்று அம்மா கேட்டாள். நான் தயங்கியது பிரேக்கை நினைத்துத்தான்.

125 சிசிக்கு மேல் போனால் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லா வண்டிக்கும் அந்த விதி உண்டு. 125 வரை சிபிஎஸ் இருந்தால் போதும். சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ்ஸில் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கும். சக்கரம் சட்டென்று நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். மணலில் நிற்கும் தூரம் குறைந்துவிடும் என்று அர்த்தமில்லை, சில சமயம் அதிகமாகவும் ஆகலாம். ஆனால் முன்சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் வண்டி கையை விட்டுப் போகாது. முன்சக்கரம் மணலில் பூட்டிக்கொண்டால் யோசிக்கவே நேரம் இருக்காது, கீழேதான்.

இன்று ஹோண்டா யூனிகார்னில் உட்கார்ந்து பார்த்தேன். 163 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 139 கிலோ, சீட் உயரம் 798 மில்லிமீட்டர். நான் ஐந்தடி நான்கு அங்குலம். இரண்டு காலும் ஊன்றினால் குதிகால் கொஞ்சம் தூக்கும், ஒரு கால் என்றால் முழுப்பாதமும் பதியும். முன்பக்கம் டிஸ்க், ஏபிஎஸ்ஸும் அதற்கு மட்டும். பின்பக்கம் டிரம். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லதுதான். ஆனால் அப்பத்தா ஒருபக்கமாக உட்கார நீளமான தட்டைச் சீட்டும் எனக்கு வேண்டும். வண்டியைத் தள்ளினேன், திருப்பினேன், யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மனசு இங்கேயே நின்றுவிட்டது.

4 ஜனவரி 2026, ஞாயிறு

வண்டிக்கு முன்னால் ஹெல்மெட். ஆரம்பத்திலேயே இருபதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மிச்சப் பணத்தில்தான் வண்டி. மாறிச் செய்தால் ஹெல்மெட்டுக்கு எப்போதும் சில்லறைதான் மிஞ்சும்.

மதுரைக்குப் போனோம். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தலையைச் சுற்றி டேப் வைத்தால் 57 சென்டிமீட்டர். கடைக்கார அண்ணன் மீடியம் எடுத்துக் கொடுத்தார். கன்னத்தை நன்றாக அமுக்கியது. "புதுசுல அப்படித்தான் இருக்கணும் தங்கச்சி. லூசா இருந்தா விழும்போது கழன்டுரும்" என்றார். பட்டையைப் போட்டுக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பார்த்தேன். கழலவில்லை. ஐஎஸ்ஐ முத்திரையும், ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐஎஸ் 4151-ம் இருக்கின்றன.

பெண்கள் கவனிக்க ஒன்று. கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் பார்க்காதீர்கள். பின்னந்தலை தூக்கிக்கொண்டு, முன்னால் நெற்றி தெரியும். கழுத்தோடு தாழப் பின்னிய சடையோடு போட்டுப் பாருங்கள், தினமும் அப்படியே போங்கள்.

அப்பத்தாவுக்கும் ஒன்று வாங்கினேன். பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக வாங்கவில்லை, அவள் தலை எனக்கு முக்கியம். அவளுக்குத் தண்டட்டி போட்டு வளர்த்த காது. முழுமுக ஹெல்மெட்டை இறக்கினால் காதுமடல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அதனால் முகம் திறந்த மாதிரி, உள்பஞ்சு மெலிதானது. வீட்டில் நானே இரண்டு பட்டையையும் விரித்துப் பிடித்து, காதை உள்ளே விட்டு மாட்டிவிட்டேன். கண்ணாடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தோளிலும் முழங்கையிலும் காப்பு வைத்த வலை ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ எல்லாம் அதே பணத்துக்குள் அடங்கின. எங்கள் ஊர் வெயிலுக்கு வலைத்துணி இல்லாவிட்டால் இரண்டாம் நாளே ஜாக்கெட் ஆணியில் தொங்கும். துப்பட்டாவுக்கு இனி இடமில்லை. செயினிலோ சக்கரத்திலோ ஒரு நுனி போனால் போதும், கழுத்து இழுபடும். பட்டறையில் மடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

9 ஜனவரி, வெள்ளி

எட்டுப் போட்டாயிற்று. நவம்பரில் எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் தாண்டியிருந்ததால் சிக்கல் இல்லை. இனி லைசென்ஸில் கியர் வண்டியும் சேரும்.

19 ஜனவரி, திங்கள்

அமாவாசை கழிந்து வளர்பிறை. பணம் கட்டப் போனோம். ஒரு ஷோரூமில் கொடுத்த கொட்டேஷனில் கையாளும் கட்டணம் என்று ஒரு வரி, ஆக்சஸரீஸ் செட் என்று இன்னொரு வரி. இரண்டும் எதற்கு என்று கேட்டேன். எல்லாருக்கும் போடுவதுதான் என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் முதல் வரி போய்விட்டது, இரண்டாவதைக் குறைத்தார்கள். அடுத்த ஷோரூமில் இரண்டுமே இல்லை, அங்கேயே கட்டிவிட்டேன். கொட்டேஷனை வரிவரியாகப் படிக்க வெட்கப்பட வேண்டாம், நம் காசு.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி, ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். நம் வண்டிக்கான பகுதியை ஒரு வருஷம் எடுத்தால் போதும். ஓட்டுகிறவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அப்பா இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

23 ஜனவரி, வெள்ளி

ராகு காலம் பத்தரைக்கு. பத்து மணிக்கெல்லாம் வண்டி கைக்கு வந்துவிட்டது. டிஎன் 63 நம்பர் பிளேட் மாட்டியே கொடுத்தார்கள். சேஸிஸ் நம்பரை ஆர்சி விவரத்தோடு ஒத்துப் பார்த்தேன். சேலை கார்டு, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்க இடம் மூன்றும் சரி. இவை சட்டப்படியே இருக்க வேண்டியவை, இதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேராகப் பிள்ளையார்பட்டி. மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் ஏற்றினோம். திரும்பும்போது குன்றக்குடிப் பக்கம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டோரமாக நடந்து கொண்டிருந்தார்கள். தைப்பூசம் வரை இந்த ரோடு அவர்களுடையது. எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது ஓரத்தில் நடப்பவர் தெரியவே மாட்டார். பூசம் முடியும்வரை இருட்டியபிறகு இந்தப் பக்கம் வண்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

26 ஜனவரி, திங்கள்

லீவு. ஊருணிக்குப் பக்கத்துப் பொட்டலில் பிரேக் பழகினேன். அப்பா ஒரு செங்கலை வைத்து, அங்கிருந்து பிடிக்கச் சொன்னார். இருபது கிலோமீட்டர் வேகம், பிறகு முப்பது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் பூட்டி, வால் ஒருபக்கம் இழுக்கிறது. முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், இரண்டு விரலால் எலுமிச்சை பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்தினால் வண்டி நேராக நிற்கிறது. செம்மண்ணில் வேண்டுமென்றே அழுத்தமாகப் பிடித்தபோது லீவர் விரலுக்குள் கடகடவென்று துடித்தது. அதுதான் ஏபிஎஸ் வேலை செய்வது. அந்தத் துடிப்பில் பயந்து விரலை எடுத்துவிடக் கூடாது. ரோட்டில் முதல் தடவையாக அதை உணர்ந்திருந்தால் எடுத்திருப்பேன். அதனால்தான் பொட்டலில் பழக வேண்டும்.

8 பிப்ரவரி, ஞாயிறு

அப்பத்தாவைத் தேவகோட்டைக்கு, அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆள் பின்னால் உட்கார்ந்தால் பின்டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கிறது. டயர் சூடாவதற்கு முன் காலையிலேயே பார்த்துப் பிடித்துவிட்டேன். எடை கூடினால் நிற்கும் தூரமும் கூடும், முன்னால் போகும் பஸ்ஸை நன்றாகத் தள்ளி விட்டே போனேன். புது எஞ்சின் என்பதால் முறுக்கவில்லை. ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன்.

அத்தை வாசலில் இறங்கியதும் அப்பத்தா சொன்னாள்: "நல்லாத்தான் ஓட்டுறத்தா. அந்தக் கம்பிதான் விரலுக்குத் தடிமனா இருக்கு."

முதல் சர்வீஸுக்கு விடும்போது அந்தக் கைப்பிடிக்கு ரப்பர் உறை கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.