இங்கிலாந்தில் ஒரு ப்ரோக் பின்னறை

வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, டாக்டரிடம் பதிவு எல்லாம் முடிந்த பிறகுதான் இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்று ஒன்று இருப்பதே கண்ணில் படும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் ஏதாவது ஒரு பப்பின் பின்னறையில் ஐந்தாறு பேர் பழைய எல்.பி. தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1969க்கும் 1975க்கும் நடுவில் வந்த, நீளமான உருப்படிகளும் சிக்கலான தாளமுமான புரோகிரசிவ் ராக் என்றால் உயிரை விடுகிறவர்கள் அதில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் வாயில் அது ப்ரோக். கையில் தட்டோடு வருகிறவரை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். உள்ளே போவது சுலபம். உட்கார்ந்து பேசத்தான் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும்.

முதலில் பெயர். எழுபது வயதுக்காரரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும், ‘சார்’ என்றால் வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். அடுத்தது ரவுண்டு. மேசையில் நாலு பேர் என்றால் ஒவ்வொருவரும் ஒரு முறை நாலு பேருக்கும் சேர்த்து வாங்குவார்கள். நீங்கள் லெமனேடு குடித்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உங்கள் முறையைத் தவறவிட்டால்தான் கவனிப்பார்கள். தட்டின் ஒரு பக்கம் ஓடும் இருபது நிமிஷமும் பேச்சு கிடையாது. சண்டையெல்லாம் தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியில்தான்.

பழைய தட்டு வாங்கும்போது ஆங்கிலத்தை அப்படியே நம்பினால் காசு போகும். உறையில் ஒட்டியிருக்கும் தர வரிசை மின்ட், எக்ஸலண்ட், வெரி குட், குட் என்று இறங்கும். ‘வெரி குட்’ என்றால் கீறல் காதில் விழும் என்று அர்த்தம். ‘குட்’ என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். தட்டை வெளியே எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் ஊசி அங்கே நின்றுவிடும்.

கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையில் இருக்கும் வெற்று வளையத்தையும் படியுங்கள். அச்சு எண் அங்கேதான் கீறியிருக்கும். சிலவற்றில் ‘போர்க்கி’ என்று குறும்பாக எழுதியிருந்தால் அது மூலத் தட்டில் பள்ளம் வெட்டும் கலைஞர் ஜார்ஜ் பெக்கமின் கையெழுத்து. அதைப் பார்த்ததும் கடைக்காரர் விலையை ஏற்றுவார். காரணம் இல்லாமல் இல்லை.

ப்ரோக் தட்டுகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. பாட்டு நீளம். கேரவன் குழுவின் 1971 தட்டில் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 22 நிமிஷத்துக்கு மேல். அவ்வளவை ஒரு பக்கத்தில் அடக்க வேண்டுமானால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்டவேண்டும். போதாததற்கு, தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே வரவர 21 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பாட்டின் உச்சக்கட்டம் வருவதும் அங்கேதான்! அது கரகரத்தால் உடனே தட்டைக் குறை சொல்லாமல் ஊசியின் பாரத்தைப் பாருங்கள். ஊசியைத் தாங்கும் சிறு பாகமான கார்ட்ரிட்ஜ், சாதாரண மூவிங் மேக்னட் வகை என்றால் 2 கிராம் சுற்றுவட்டாரம்; சரியான எண் அதனுடன் வரும் தாளில் இருக்கும். பிளேயரின் ஊசிக்கையைத் தராசு போல மிதக்கவிட்டு, அதன் பின்முனையில் இருக்கும் எடையின் வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அங்கிருந்து ஏற்றுங்கள். தட்டு தேயுமே என்று பாரத்தைக் குறைப்பது பலர் செய்யும் தப்பு. லேசான ஊசி பள்ளத்தில் நிற்காமல் குதித்துச் சுவரைக் கொத்தும். சேதம் அதில்தான் அதிகம்.

வீடும் எதிரிதான். பழைய வரிசை வீடுகளில் தரை மரப்பலகை. நடந்தால் ஊசி துள்ளும். சுவரில் அலமாரி அடிப்பது மருந்து, ஆனால் வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பிளேயரை அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, உத்தரம் சுவரில் ஏறும் இடத்தில் வையுங்கள். அங்கே பலகை குறைவாகத்தான் ஆடும். தோட்டக் கடையில் விற்கும் கான்கிரீட் பாளம் ஒன்றை ரப்பர் துண்டுகள்மேல் கிடத்தி, அதன்மேல் வைத்தால் இன்னும் நல்லது. தட்டுகளை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். குளிர்காலத்தில் சுவர் வியர்த்து உறைகளில் பூஞ்சை பிடிக்கும்.

டொராண்டோவில் இருக்கும் அத்தானோ சித்தப்பாவோ தன் பழைய பிளேயரைக் கொடுத்தனுப்பினால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வோல்டேஜுக்கு டிரான்ஸ்பார்மர் போடலாம், அது ஹெர்ட்ஸை மாற்றாது. ஏ.சி. மோட்டார் உள்ள பழைய பிளேயர் என்றால் 33⅓ சுற்ற வேண்டியது 28க்கு இறங்கிவிடும். சுருதியும் இறங்கி, சட்ஜம் கீழ்ஸ்தாயி சதுச்ருதி தைவதமாகக் கேட்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50தான்.

இனி சண்டைக்கு வருவோம். எது எதிலிருந்து வந்தது என்பதுதான் இந்த அறைகளின் நிரந்தர வழக்கு. தாளம் போட்டு வளர்ந்தவருக்கு அதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு பொறியும் உண்டு.

வசதி இது. ஜெனிசிஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டின் கடைசி உருப்படி ஏறத்தாழ 23 நிமிஷம். அதன் பிற்பகுதியில் ஒன்பது எண்ணிக்கைச் சுற்று ஒன்று வரும். நம் கை பழக்கத்தில் அதைச் சங்கீர்ணமாக 4+5 என்று பிரிக்கப் பார்க்கும். சொல்லுக்கும் அடிக்கும் ஒட்டாது. அது 3+2+4. தட்டு, விரல், விரல்; தட்டு, விரல்; தட்டு, விரல், விரல், விரல். இப்படிப் போட்டால் கீழே ஒன்பது பிசகாமல் சுற்றுவதும், மேலே டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதைச் சட்டை செய்யாமல் தன் போக்கில் நீந்துவதும் துலக்கமாகத் தெரியும். கூட இருப்பவர்கள் இதை ஐம்பது வருஷமாகத் தலையாட்டிக் கேட்டிருப்பார்கள், விரல்விட்டு எண்ணியிருக்கமாட்டார்கள். கையைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை போடச் சொல்வார்கள். தொடையில் போடுங்கள், மேசையில் போட்டால் ஊசி துள்ளும்.

பொறி அடுத்த நிமிஷமே வரும். ‘ஏழும் ஒன்பதும் எங்கள் ஊர்ச் சரக்கு, அங்கிருந்துதான் வந்தது’ என்று வாய் துறுதுறுக்கும். பிங்க் ஃபிளாய்டின் 1973 தட்டில் பணத்தைப் பற்றிய பாட்டு ஏழில் ஓடுவது உண்மை. அதனால் அது நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு ஆகிவிடாது. கிட்டார் தனி வரும்போது அவர்களே நாலுக்குத் தாவிவிடுகிறார்கள். ஏழு அங்கே ஒரு போக்கு, தாளக் கணக்கு அல்ல. இங்கிலாந்துக்காரர் காதில் ஐந்து எண்ணிக்கை ஏறியதற்கும் அவர்கள் ஊர் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டே இருக்கிறார். முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதிய ‘பிளானெட்ஸ்’ தொகுப்பில் செவ்வாய்க் கிரகப் பகுதி ஐந்தில் நடக்கும். கிங் கிரிம்சன் என்ற ப்ரோக் குழு அதை 1969 மேடைகளில் வாசித்தார்கள்.

ஒன்பதின் பயணம் இன்னும் வேடிக்கை. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் துருக்கியில் தெருக்கலைஞர்கள் வாசித்த ஒன்பதைக் கேட்டு, 2+2+2+3 என்று 1959இல் ஜாஸ் உருப்படி ஆக்கினார். அதை இங்கிலாந்தின் ஆர்கன் கலைஞர் கீத் எமர்சன் தன் ‘நைஸ்’ குழுவுக்கு எடுத்துக்கொண்டு நாலாக மாற்றிவிட்டார். மெட்டு வந்து சேர்ந்தது, ஒன்பது வழியிலேயே இறங்கிப்போனது. தாக்கம் என்றால் எண்ணிக்கை ஒத்துப்போவது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

எமர்சன் இந்த அறைகளில் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர். எமர்சன், லேக் அண்ட் பாமரின் 1970 முதல் தட்டின் முதல் உருப்படி, ஹங்கேரிய மேதை பார்டோக்கின் பியானோ உருப்படியிலிருந்து கட்டியது. ஆரம்பப் பதிப்புகளின் லேபிளில் அவர் பெயர் கிடையாது. பிற்பாடு வந்தவற்றில் உண்டு. ஆகவே லேபிளைப் படிப்பது விலைக்காக மட்டுமில்லை. யார் யாருக்குக் கடன் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சண்டை நிஜ நீதிமன்றமும் ஏறியிருக்கிறது. ப்ரோகல் ஹாரம் குழுவின் 1967 பாட்டில் ஜெர்மன் மேதை பாக்கின் வாடை அடிப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆர்கன் இழையைப் போட்ட மேத்யூ ஃபிஷருக்கு இசையில் 40 சதவீதப் பங்கு என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நடுவில் மேல்முறையீட்டில் இழுபறியாகி, 2009இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கமே நின்றது. வாடை பாக்குடையதாக இருக்கலாம், சமைத்தவர் ஃபிஷர்தான்.

நம் பக்கத்து உரிமையைக் கோர இடம் இல்லாமலும் இல்லை. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் முறையாக வீணை பயின்றவர். 1975இல் அவர் எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயக்ராம், ராமநாதபுரம் ராகவன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவாக நியூயார்க் மாநிலத்தில் வாசித்தது அடுத்த ஆண்டு தட்டாக வந்தது. அதற்கு முந்தைய அவரது மகாவிஷ்ணு குழுவின் முதல் தட்டு 1971. கிங் கிரிம்சன் 1973இல் திடீரென்று முரடாக மாறியதற்கு அதுதான் காரணம் என்று வாதாடலாம், ஆண்டுகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் எதிர்ப்பக்கம் உடனே பார்டோக்கைத் தூக்கிக்கொண்டு வரும், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்தப் பதிப்பைக் கேட்டுவிட்டுப் பேசுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் 2009 முதல் இந்தப் பழைய தட்டுகள் பலவற்றின் மூலப் பதிவுகளைப் புதிதாகக் கலந்திருக்கிறார். நீங்கள் ஆஹா என்று சொன்ன அந்தப் பேஸ் ஒலி மூலத் தட்டில் அமுங்கிக் கிடக்கலாம்.

உங்கள் முறைக்குச் ‘சக்தி’ தட்டை எடுத்துப்போகலாம். முதல் உருப்படி 18 நிமிஷம். போடுமுன் பிரசங்கம் வேண்டாம். பக்கம் முடிந்ததும் கடத்தின் அந்த மண் ஒலி என்ன என்று அவர்களே கேட்பார்கள். பானை என்றால் சிரிப்பார்கள், மானாமதுரையில் அதற்கென்றே மண் பிசைந்து சுடுகிறார்கள் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டை உள்ளுறையில் போட்டு, அதன் வாய் மேல்பக்கம் இருக்கும்படி வெளியுறைக்குள் செருகுங்கள். பஸ்ஸில் சாய்த்துப் பிடித்தாலும் தட்டு வழுக்கி விழாது.