சராசரி மார்க்கோட இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி தேடறவங்களுக்கு

அமெரிக்கால இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (டாக்டர் படிப்பு முடிச்சப்புறம் ஹாஸ்பிடல்ல எடுக்கற பொது மருத்துவ ட்ரெயினிங்) அப்ளை பண்ற சராசரி ஸ்டூடண்ட்ஸ் பலரும் பெரிய பேர் இருக்கற ப்ரோக்ராம் பின்னாடியே ஓடறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. 2022ல அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட முதல் கட்டமான ஸ்டெப் 1 வெறும் பாஸ் ஃபெயில்னு ஆனப்புறம் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 ஸ்கோருக்கு தான் மவுசு, அது சுமார்னா சிக்னல் (இந்த ப்ரோக்ராம்ல எனக்கு தனி ஆர்வம்னு அப்ளிகேஷன்ல காட்ற, அளவா மட்டும் கிடைக்கற குறி) எல்லாத்தையும் எட்டாத இடத்துல கொட்டிடாதீங்க.

என்னைக் கேட்டா நல்ல கம்யூனிட்டி ப்ரோக்ராமும் (பெரிய யூனிவர்சிட்டி ஹாஸ்பிடல் இல்லாம உள்ளூர் ஹாஸ்பிடல்ல நடக்கறது) தாராளமா போதும், ரெசிடென்சி முடிச்சவங்க எழுதற ஏபிஐஎம் போர்டு பரீட்சைல அந்த ப்ரோக்ராமோட பாஸ் ரேட்டை பாருங்க, கார்டியாலஜி ஆசை இருந்தா அங்க படிச்ச சீனியர்ஸ் எங்க ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்கு அப்புறம் ஸ்பெஷலிஸ்ட் ட்ரெயினிங்) போனாங்கன்னு விசாரிங்க. ரெசிடென்ட்ஸ் கிட்ட தனியா பேசறப்ப, நைட் டியூட்டில ஒரு இன்டர்ன் (முதல் வருஷ ரெசிடென்ட்) எத்தனை பேஷண்ட் பாக்கணும், சந்தேகம்னு கூப்பிட்டா பொறுப்புல இருக்கற சீனியர் டாக்டர், அதாவது அட்டெண்டிங், போன் எடுப்பாரான்னு கேளுங்க, பதில் சொல்ல இழுத்தாங்கன்னா உஷாராயிடுங்க.

கடைசியா எந்த ப்ரோக்ராம் வேணும்னு நீங்க குடுக்கற ரேங்க் லிஸ்ட்டை மட்டும் நிஜமா பிடிச்ச வரிசைலயே போடுங்க, யாருக்கு எந்த இடம்னு முடிவு பண்ற மேட்ச் அல்காரிதம் நம்ம விருப்பத்துல இருந்து தான் ஆரம்பிக்குது, கிடைக்காதோன்னு பயந்து மாத்தறதுல ஒரு லாபமும் இல்ல.